உப்புத்தண்ணீர் புகுந்த பெட்டி

சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்க்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் படகு அது. அதில் அவளுக்கு ஒரே வேலைதான். நீரில் இறங்குகிறவர்கள் கழற்றிக் கொடுக்கும் சாமான்களை நனையாமல் வைத்திருந்து, ஏறி வந்ததும் அவரவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். செல்போன், மூக்குக்கண்ணாடி, கார்ச்சாவி, மோதிரம். ஒருவர் பல்செட்டையே கழற்றிக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு, கொக்கி வைத்த ஆரஞ்சு நிறப் பெட்டியில் அடுக்குவாள். மூடியின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். அங்கே ஒரு தலைமுடி மாட்டியிருந்தால்கூடத் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். படகில் எல்லோருக்கும் அவள் ‘பெட்டியக்கா’. ஒருமுறை மூடினால், கடைசி ஆள் ஏறும்வரை திறப்பதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அன்று அதை மீறினாள். காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனாரைப் பற்றிச் சுருக்கென்று ஒரு வரி போட்டிருந்தாள். அதற்கு நாத்தனார் என்ன பதில் போட்டாள் என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய போனும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது.

அன்று வந்தவர்களில் ஒருவர் நெசவாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தறிச் சத்தத்திலேயே காலம் போனதில் காது இரண்டும் மந்தமாகிவிட்டன. இரண்டு காதிலும் மெஷின். அவற்றைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைக்கும்போது சிரித்தார்.

“பத்திரம் தங்கச்சி. இது இல்லாம மேல நான் பொம்மை. தண்ணிக்குள்ள மட்டும்தான் எல்லாரும் என்னை மாதிரி. எவனும் வாயே திறக்க முடியாதுல்ல?”

வெளிநாட்டிலிருக்கும் மகள் அன்று சாயங்காலம் வருகிறாள் என்றும், ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடிந்ததும் வேறு விமானம் பிடிக்கிறாள் என்றும் படகு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் குதித்தார்.

அவர்கள் கீழே போனதும் அவள் பெட்டியைத் திறந்தாள். நாத்தனார் பதில் போட்டிருந்தாள், அதுவும் நாலு வரிக்கு. படித்ததில் முகம் சூடேறியது. திருப்பி ஏதோ தட்டிவிட்டு, போனை உள்ளே எறிந்து, மூடியை முழங்காலால் அழுத்திக் கொக்கி போட்டாள். யாரோ ஒருவருடைய பையின் கயிறு மூடிக்கும் ரப்பருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. படகு திரும்பியபோது ஓர் அலை மேலேறி வந்தது. பெட்டி வழுக்கிப் போய்த் தளத்தில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது.

எல்லோரும் ஏறி வந்தபின் திறந்தபோதுதான் மூடியில் மாட்டியிருந்த கயிற்றைக் கண்டாள். அடியில் ஒரு விரற்கடை உப்புத்தண்ணீர். போன்கள் மேலடுக்கில் இருந்ததால் தப்பித்தன. அடியில் கிடந்த காதுமெஷின் பைக்குள் தண்ணீர் தளும்பியது.

படகு முதலாளி ஓடி வந்து பார்த்தார். சற்றுமுன் பெட்டிமேல் காலி சிலிண்டரைச் சாய்த்து வைத்திருந்த படகு டிரைவர்தான் அவர் கண்ணில் பட்டான்.

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பெட்டிமேல பாரம் வைக்காதேன்னு? மூடியே நெளிஞ்சு போச்சு பாரு. உனக்கெல்லாம் படகு ஒரு கேடு.”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். வந்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவள் பக்கத்திலேயே நின்று துண்டால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதோ சொல்லப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே படகு கரை சேர்ந்துவிட்டது.

“காய வச்சுப் பாக்கறேன்” என்று பெரியவரிடம் சைகை காட்டி, மெஷின்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பேட்டரியைக் கழற்றினாள், நல்ல தண்ணீரில் உப்பை அலசினாள், மின்விசிறிக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் நாத்தனாரின் அடுத்த வரி வந்து விழுந்தது. எடுத்துப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் பெரியவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனாள். கதவைத் திறந்தவரிடம் மெஷின்களை நீட்டும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள்.

“அண்ணா, பெட்டி மேல தப்பு இல்ல. நான்தான் திறந்துட்டேன்.”

அவர் கண்ணைச் சுருக்கி அவள் உதட்டைப் பார்த்தார். “திருந்திட்டியா? நீ என்ன தப்பு பண்ணே, திருந்தறதுக்கு?”

“திறந்துட்டேன்ணா. பெட்டியை. நடுவுல.”

“சத்தமா சொல்லும்மா.”

வேறு வழியில்லை. கத்தினாள். “பெட்டியை நான்தான் திறந்தேன். நாத்தனாரோட சண்டை. போன் பாக்கத் திறந்தேன். டிரைவர் ஒண்ணும் பண்ணல.”

எதிர் அறைக் கதவு திறந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். திரும்பினால், கையில் டீ டம்ளர்களோடு அவருடைய மகள் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

“இன்னிக்கு ஒரு ராத்திரிதான்க்கா நான் இருக்கேன்” என்றாள் மகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “வந்ததுலேர்ந்து அப்பா நான் சொல்றதுக்கெல்லாம் சும்மா தலையாட்டிட்டே இருக்கார்.”

பெட்டியக்கா மெஷின்களை நீட்டினாள். வலதுகாதுடையது செத்தே போயிருந்தது. இடதுகாதுடையது கரகரத்து, பிறகு பிடித்துக்கொண்டது. பெரியவர் மகளை இடப்பக்கம் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

“இவ பேச்சுக்கு ஒரு காதே ஜாஸ்தி. நீ போ தங்கச்சி” என்றார்.

மகள் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்க முடியாமல் படியிறங்கினாள்.

மறுநாள் காலை படகுத்துறையில் முதலாளியையும் டிரைவரையும் ஒன்றாக நிறுத்திச் சொன்னாள். முதலாளி முணுமுணுத்தார், பைகளின் கயிறுகளை இனி வெட்டி எறி என்றார், அதோடு விட்டார். டிரைவர் மட்டும் கேட்டான்.

“முதலாளி கத்தும்போது நீங்க என் பக்கத்துலதானேக்கா நின்னீங்க?”

“ஆமாம்ப்பா.”

“சரி” என்று சொல்லிவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போனான்.

அடுத்த வருடம் அந்தப் பெரியவர் மறுபடியும் வந்தார், புது மெஷின்களோடு. ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றி அவள் கையில் வைத்தார். இரண்டு தடவை எச்சரித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும் அவளுக்கு. டிரைவர் இப்போது அவளோடு பேசுகிறான், சிரிக்கவும் செய்கிறான். ஆனால் படகில் ஏதாவது கெட்டுப்போய் முதலாளியின் குரல் உயர்ந்தால், முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறான்.