மிசெல்லி கொடுத்த வண்டி

மிசெல்லி என் வீட்டுக்காரரின் அக்கா. நாங்கள் இங்கிலாந்தில் கென்ட் பக்கத்து ஜிப்ஸிகள். கிறிஸ்துமஸ் வந்தால் அவள் வாசல் கதவில் மாட்டுகிற முள்ளிலை வளையம் கட்டி வீடு வீடாக விற்பாள். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துகிறவர்களுக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன்.

அவள் புருஷன் இறந்து ஒரு வருடம் ஆகியும், அவர்கள் வீடாகக் குடியிருந்த வண்டி எங்கள் முகாமிலேயே பூட்டிக் கிடந்தது. அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். போனவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. அவர் குடித்த கோப்பையை அன்றைக்கே உடைத்தாள். போட்டோக்களை எரித்தாள். வண்டியும் எரிந்தால்தான் போனவர் நிம்மதியாகப் போவார். ஆனால் முகாமில் தீ வைக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கமே திரும்பாமல் எங்கள் வண்டியில் வந்து படுத்துக்கொண்டாள்.

முன்பொரு முறை சாலையோரம் தங்கியிருந்தபோது ஊர்ப் பையன்கள் அந்த வண்டிக்குத் தீ வைத்தார்கள். அவர் தன் கோட்டைக் கழற்றி அடித்தே அணைத்தார். சாவகாசமாக வந்த போலீஸ், இங்கே தங்க அனுமதி இருக்கிறதா என்றுதான் கேட்டது. அன்று அவர் மிசெல்லியிடம் சொன்னார்: "நான் போனப்புறம் நீ கொளுத்து. அதுவரைக்கும் எவனையும் கிட்ட விடமாட்டேன்."

பிறகுதான் அந்த டிவிக்காரர்கள் வந்தார்கள். போலீஸ் தொடராம். ஒரு வாரக் கதையில் ஜிப்ஸிக் குடும்பத்தின் வண்டியை ஊர்க்காரர்கள் கொளுத்துகிறார்களாம். பழைய வண்டி தேடினார்கள்.

"என் வண்டிய எடுத்துக்கங்க. காசு வேணாம். முழுசா எரிக்கணும், அவ்வளவுதான்" என்றாள் மிசெல்லி. இயக்குநர் தலையாட்டினார்.

ஒரு வயலில் படப்பிடிப்பு. தீயை அணைத்த பிறகு வரும் காட்சியை முதலில் எடுக்க, வண்டியின் ஒரு பக்கம் கரி பூசினார்கள். மத்தியானம் கும்பலாக நடிக்கிறவர்களில் ஒருவன் மிசெல்லியிடம் வந்து நெளிந்தான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. அசிங்கமா கத்தணும். வசனம் அப்படி."

"நல்லாக் கத்து தம்பி. நெஜமா கத்தினவன் எவனும் மன்னிப்புக் கேட்டதில்ல. நீயாவது கேட்டியே."

கத்தினார்கள். அந்த வார்த்தைகளைக் கேட்டு நான் பதிலுக்குத் திட்ட வாயெடுத்தேன். அவளோ கண் கொட்டாமல் வண்டியையே பார்த்தாள். கதவு பற்றியது, திரைச்சீலை பற்றியது. "போதும்" என்றார் இயக்குநர். தீயணைப்புக்காரர்கள் குழாயைத் தூக்கினார்கள்.

மிசெல்லி ஓடிப்போய்க் குழாய்க்கு முன்னால் நின்றாள்.

"விலகும்மா, ஆபத்து!"

"பாதியில விடாதீங்கய்யா! அவர் படுக்கை இன்னும் எரியல!"

எனக்குப் பொறுக்கவில்லை. நானும் போய் அவள் பக்கத்தில் நின்று, கொடுத்த வாக்கு என்னாச்சு என்று இயக்குநரைப் பார்த்துக் கத்தினேன். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "விடுங்க. அது அவங்க வண்டி" என்றார். தள்ளி நின்று பார்த்தோம். சக்கரம் வரைக்கும் எரிந்து அடங்கியது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

வசந்தத்தில் அந்தக் கதை டிவியில் வந்தது. எங்கள் வண்டியில் உட்கார்ந்து பார்த்தோம். தீ கதவைத் தொட்டதும் போலீஸ் நாயகன் பாய்ந்து வந்து அணைத்துவிட்டான்.

"நெஜமா கொளுத்தின அன்னைக்கு இவன் எங்கடி போயிருந்தான்?" என்று மிசெல்லி சிரித்தாள்.

கடைசியில், அன்றைக்கு முதலில் எடுத்த காட்சி வந்தது, அந்த வண்டியைக் காட்டினார்கள். ஒரு பக்கம் கரி. மற்றபடி முழுசாக, வெயிலில், நீலத் திரைச்சீலையோடு நின்றது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. போனவருடையது எதுவும் கண்ணில் படக் கூடாதே என்று நான் பதறி டிவியை நிறுத்த எழுந்தேன்.

"நிறுத்தாத, எல்வைரா."

"அக்கா, வேணாம்க்கா."

"கதவு சாத்தியிருக்கு பாரு. உள்ளதான் இருக்கார்."

முழுசாக எரியட்டும் என்று தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் போய் நின்றவள் இதைச் சொல்கிறாள். நிறுத்த எனக்குக் கை வரவில்லை. படம் தானாக மாறி, சோப்பு விளம்பரம் வந்தது. அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.