ராசா வீட்டுக் கல்யாணத்தில் தாலி இல்லை

அந்த நாட்களில் எங்கள் வீட்டு டிவி அணைந்ததே இல்லை. ஆனால் யாரும் அதில் படம் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே ஓடுகிற செய்தி வரி ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

மீன்பிடித் தடைக்காலம். தங்கச்சிமடத்து விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. என் அக்கா புருஷனுக்குக் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காரத் தெரியாது. கேரளக் கரையில் அப்போது தடை இல்லை என்று கூட்டாளிகளோடு அங்கே வேலைக்குப் போனார். ஏதோ ஒரு கப்பல் அவர்கள் படகை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கூடப் போனவர்களை வேறு படகுக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். மச்சான் மட்டும் அகப்படவில்லை. ஹெலிகாப்டர் தேடுகிறது என்றார்கள். பிறகு கப்பல் தேடுகிறது என்றார்கள். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஓடுகிற எழுத்து பிடிபடாது. "கீழ என்னடி போடுறான், வாசி" என்பாள். தங்கம் விலை, மழை, மந்திரி பேச்சு என்று நான் வாசிப்பேன். "அம்புட்டுத்தானா?" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வாசிக்கச் சொல்வாள்.

மச்சானைப் பெற்ற மாமியும் எங்களோடுதான் இருந்தார். ஆனால் டிவி பக்கம் திரும்பவே மாட்டார். மகன் போய்விட்டான் என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். அதனால் அவருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. சோறு இறங்காமல் பாதியாகிப் போயிருந்தார். கோயிலில் செத்தவர்களுக்கு வைக்கிற பூசையை வைக்காமல் பிள்ளையின் ஆத்துமாவை அலையவிடுகிறோமே என்பதுதான் அவருடைய புலம்பல். ஆனால் பூசை வைத்தால் அக்கா தாலியைக் கழற்ற வேண்டும். எங்கள் கத்தோலிக்க ஆட்கள் அடக்கத்தன்று, சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் கழற்றுவார்கள். பெட்டியே இல்லாத வீட்டில் எப்போது கழற்றுவது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய்ச் சாமியாரப் பாத்து நாள் கேட்டுட்டு வந்துருவம்" என்று மாமி சொன்னார். அக்கா வாரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கென்று பார்த்து, எந்தச் சேனலைத் திருப்பினாலும் வெள்ளைக்காரத் தேசத்து இளவரசன் கல்யாணம்.

துக்கம் கேட்க வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. எனக்கோ எரிச்சல் தாங்கவில்லை. இழவு வீடா இல்லையா என்றே தெரியாத வீட்டில் கல்யாணமா என்று நிறுத்தப் போனேன். "கெடக்கட்டும்டி, கீழ எழுத்து ஓடுதுல்ல" என்றாள் அக்கா.

"ஏடி, தலையில என்னத்தடி கவுத்து வச்சிருக்காளுக, மீன் கூடையா?"

"அது தொப்பிக்கா. அவுகளுக்கு அதான் மரியாதை."

"பொண்ணு பின்னாடி இழுத்துட்டு வார துணியப் பாரு. நம்ம வலை தோத்துப்போகும்."

பொண்ணு பாவம் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று ஒருத்தி இரக்கப்பட்டாள். மாப்பிள்ளை முகத்தில் களையே இல்லை என்று இன்னொருத்தி குறைபட்டாள். பீடமும் பாட்டும் மெழுகுவர்த்தியுமாகப் பார்க்க எங்கள் கோயில் மாதிரியே இருந்ததால், ஆளாளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் போல உரிமை வந்துவிட்டது. வாக்குக் கொடுக்கிற இடத்தில் அவர்கள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, எங்கள் பெண்கள் இன்பத்திலும் துன்பத்திலும் என்று தமிழிலேயே முணுமுணுத்தார்கள். அக்கா உதடு மட்டும் அசையவில்லை.

மோதிரம் போட்டாயிற்று. எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் கோயிலில் மோதிரத்துக்குப் பிறகு சாமியார் தாலியை மந்திரித்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு நேரமாகக் காத்திருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்தது. சாமியார் ஏதோ பிரசங்கம் பண்ணினார். இன்னொரு பாட்டு வந்தது.

"எப்பத்தான் கட்டுவாக?"

"கட்ட மாட்டாக. அவுக வேற சபை. அங்க தாலியே கெடையாது" என்றேன். பக்கத்து வீட்டு அத்தை நம்பவில்லை. "ஒனக்குத் தெரியாது, சும்மா இரு. ராசா வீட்டுல தாலிக்குத் தங்கமா இல்ல?" என்றார்.

அதற்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் கையைக் கோத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். மணி அடித்தது. வெளியே இருந்த கூட்டம் கத்தியது.

"அடப்பாவி! தாலி கட்டாமயே கூட்டிட்டுப் போறான் பாருங்கடி!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். மச்சான் போன பிறகு அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, கழுத்தில் கிடந்ததை ஒரு கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"குடுத்து வச்சவ. அவகிட்ட நாளைக்கு யாரும் வந்து கழட்டச் சொல்ல முடியாதுல்ல."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி பிள்ளை அழுகிறது என்று எழுந்து போனாள். எனக்குத் தெரிந்து எந்தப் பிள்ளையும் அழவில்லை. இன்னொருத்தி அடுப்பில் உலை வைத்திருப்பதாகச் சொன்னாள். அவ்வளவு நேரமும் அந்த டிவி மேல் எனக்கு இருந்த கோபம் போய், பெரிய அழுகை வந்தது. அக்கா முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி வாசலோரம் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குக் கிளம்பி, வெளுத்த சேலை கட்டி, ஜெபமாலையைக் கையில் சுற்றித் தயாராக இருந்தார். எங்கள் கோயில் மணியும் அடித்தது. சாயங்காலப் பூசைக்கு முதல் மணி. அவர் எழுந்து அக்காவைக் கூப்பிடுவார், அக்கா என்ன சொல்வாளோ என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மாமி எழுந்தார். செருப்பை மாட்டவில்லை. உள்ளே வந்து, அக்காவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். அக்கா கழுத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. மாமி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். இரண்டாவது மணியும் அடித்து ஓய்ந்தது.

"ஏத்தா," என்று என்னைக் கூப்பிட்டார். "கீழ என்னமோ ஓடுதே. என்ன போட்டிருக்கான், வாசி."

அத்தனை நாளில் மாமி அப்படி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ராசா வீட்டுக் கேக் எத்தனை அடுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. அதை வாசித்தேன்.

"அது இல்லத்தா," என்றார் மாமி. "அடுத்தது வரும்ல. அத வாசி."