செம்புத் தொங்கட்டான்

மனைவியின் நீல எனாமல் பூசிய செம்புத் தொங்கட்டானில் விட்டுப்போன கொக்கியை நானே பற்றவைப்பது என்று இன்று காலை முடிவெடுத்தேன்.

நாளை குத்தாலத்தில் அவருடைய சித்தப்பா மகள் கல்யாணம். புடவை நிறத்துக்கென்றே செய்யச் சொன்ன ஜோடித் தொங்கட்டான்.

"கடையில குடுங்க" என்றார் மனைவி. பம்புசெட் ஒயரையே பற்றவைத்த கை இது.

கொக்கி ஒட்டியது. ஆறியதும் நீலம் சில்லுச் சில்லாக உதிர்ந்தது.

எடுத்துக்கொண்டு ஓடினேன். அதைச் செய்துகொடுத்த தஞ்சாவூர் பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், எனாமல்ங்கறது கண்ணாடி. கொக்கிய பத்தவச்சிட்டுத்தான் கலர் ஏத்துவோம். நீங்க கலர் மேலயே நெருப்பைக் காட்டியிருக்கீங்க. திரும்பச் செய்ய ஒரு வாரம் ஆகும்."

"கல்யாணம் நாளைக்கு."

"சரி, இன்னொண்ணையாவது தொடாம வைங்க."

அதையும் பையிலிருந்து எடுத்து வைத்தேன். முதலாவது ஆறுவதற்குள், முன்னெச்சரிக்கையாக, அதன் கொக்கியையும் பலப்படுத்தியிருந்தேன்.

நாளைக் காலை குத்தாலம் பஸ்ஸில் மனைவி மட்டும் போகிறார்.