கூட்டத்தில் ஒருத்தி

அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே 'சிரிங்க சார்'தான். ஸ்டூடியோ வைத்து முப்பத்தெட்டு வருஷம். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவரிடம்கூட, "லேசாச் சிரிங்க, விமானத்துல ஏத்த மாட்டேன்னா சொல்லப்போறாங்க?" என்பார். முன்னறையில் படங்களைக் கத்தரித்து உறையில் போடும் மனைவி, "ஊரையே சிரிக்க வைப்பாரு, வீட்டுல மட்டும் உம்முன்னு இருப்பாரு" என்று வருகிறவர்களிடம் வத்தி வைப்பாள்.

நூலகத்துக்கு வெள்ளையடித்தபோது, ஒரு பீரோவுக்குப் பின்னால் பழைய படம் ஒன்று அகப்பட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால், சந்தை மைதானத்தில் ஒருவனை ஊரறியத் தூக்கிலிட்ட நாள். நூலகரம்மா அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"கண்காட்சிக்கு வேணும் சார். அந்த ஆளையும் கயிறையும் மட்டும் பெரிசாப் போட்டுக் கொடுங்க."

கம்ப்யூட்டரில் ஏற்றி, கறையும் கீறலும் எடுக்க உட்கார்ந்தார். முதல் நாளே கூட்டத்தின் முகங்கள் துலங்கின. தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வந்து பாரேன்," என்றார் மனைவியிடம். "எவனோ ஒருத்தன் இவங்களையும் சிரிங்கன்னு சொல்லியிருக்கான்."

அவள் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

மூன்றாம் நாள், ஓரத்துக் கறைக்கடியிலிருந்து ஒரு பெண் வெளிப்பட்டாள். காமிராவுக்கு முதுகு. இடுப்பிலிருந்த குழந்தையின் கையைப் பிடித்து உயர்த்தியிருந்தாள். தூக்குமேடையில் நின்றவனின் கண்கள் நேரே அங்கேதான் இருந்தன.

"ஓரத்தை வெட்ட மாட்டேம்மா," என்றார் நூலகரிடம்.

"சுவத்துல இடமில்லையே சார்."

"அவன் யாரைப் பார்க்கிறான்னு தெரிய வேண்டாமா?"

மனைவி குறுக்கிட்டாள். "ஒரு அலமாரியை நகர்த்துங்கம்மா. இவரு பிடிச்ச முயலுக்கு மூணே கால். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

நூலகர் சிரித்துவிட்டார். அலமாரி நகர்ந்தது, முழுப்படமும் சுவரேறியது.

அந்தப் பெண் மனைவியா, தங்கையா, யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. கண்காட்சியின் கடைசி நாள் கணவனும் மனைவியும் போய்ப் பார்த்தார்கள். சீருடையோடு வந்திருந்த பஸ் டிரைவர் ஒருவர் வெகுநேரம் படத்தின் முன் நின்றார்.

"நல்லவேளை, இந்தப் பொண்ணு வந்திருக்கு," என்றார் பொதுவாக.

சிரிங்க சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை பேர் நடுவில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.