கடையின் முன்பாதி

தொண்ணூறுகளில் குமணன்சாவடியில் எனக்கு முடிவெட்டியவர் ஒல்லியான ஆள். மீசை மட்டும் ராஜா மீசை. சாலையை அகலப்படுத்த அளந்தவர்கள் அவருடைய கடைச் சுவரின் நடுவே சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். முன்பாதி இடிபடும். பக்கத்துக் கடைக்காரர்கள் கத்தினார்கள், கோட்டைச் சுரண்டினார்கள். இவரோ மறுநாளே நாற்காலியையும் கண்ணாடியையும் கோட்டுக்கு உள்ளே தள்ளிக்கொண்டார். காலியான முன்பாதிக்குள் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

“இடிக்கிற வரைக்கும் உங்க இடம்தானே?” என்றேன் எரிச்சலாக.

“ரோடு வர்றப்ப வரட்டும் சார். ஜனம் இன்னிக்கே வெயில்ல நின்னுகினு கீதே!” என்றார், கத்தியைத் துடைத்தபடி.

சாலை வந்தது. இடித்த இடத்திலேயே பஸ் நிறுத்தமும் வந்தது. அங்கே ஒரு கூரை வேண்டும் என்று மட்டும், திட்டம் போட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.