வேன் பட்டியலில் ஏழாவது பெயர்

செர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையம். அங்கே கணினி வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு, என்ன மருந்து என்பதெல்லாம் அந்தச் செர்வரில்தான் இருந்தது. தோட்டங்களுக்குப் போய் நோயாளிகளை ஏற்றி வரும் வேனுக்கான பட்டியலும் அதில்தான்.

பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவிப்பு வந்துவிட்டது. மாற்றாவிட்டால் எவனாவது உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். மாற்றினால் ஏதாவது நின்றுபோகலாம். நிர்வாகி, "நீங்களே முடிவு பண்ணுங்க லா, எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று நழுவிக்கொண்டார். தலைமைத் தாதியான மிஸ்ஸி மட்டும் நேராகக் கேட்டார். "ஓடுற செர்வர ஏன் நோண்டுறீங்க? ஒருத்தருக்கு ஒரு திங்கக்கெழம தவறுனா என்ன ஆகும்னு தெரியுமா?"

தெரியும். திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை; வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. திங்களையும் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இவர் எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாரே என்று கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

மாற்றுவது என்றே முடிவெடுத்தேன். நிலையம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய பதிப்பைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு மாற்றினேன். வரவேற்பு மேசைக் கணினி, மிஸ்ஸிகளின் டேப்லட், என் போன் எல்லாவற்றிலும் திறந்து பார்த்தேன். திறந்தது. வேன் ஓட்டும் அண்ணனின் போன் மட்டும் பாக்கி. அது அரதப் பழசு. அந்த மாதிரிப் போன்களைப் புதிய பதிப்பு உள்ளே விடாமல் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். கூப்பிட்டு, திறந்து பாருங்கள் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். கூப்பிடவில்லை. போன தடவை செர்வர் நின்றபோது அவர் எல்லார் முன்னாலும், "ஒங்க கம்பியூட்டர் படுத்துக்கிச்சா தங்கச்சி? எல்லாம் என் மண்டையில இருக்கு லா" என்று சிரித்திருந்தார். மறுபடி அவரிடம் போய் நிற்க மனமில்லை. வேறு காரணமே இல்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. ஏழு பேர் இறங்க வேண்டும். ஆறு பேர்தான் இறங்கினார்கள்.

"பட்டியலப் பாக்கலையா அண்ணே?"

"தெறக்கல தங்கச்சி. தோட்டத்துல போனுக்கு லைன் இல்லன்னு நெனச்சேன். வழக்கமா வர்றவங்கள ஏத்திக்கிட்டு வந்துட்டேன்."

ஏழாவது ஆள் வழக்கமாக வருபவர் அல்ல. பெஸ்தாரி ஜெயா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து அக்கா; வெள்ளி வரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டு, இன்றுதான் முதன்முதலாக எங்களிடம் வர வேண்டியவர். மிஸ்ஸி திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. வேன் அடுத்த தோட்டத்துக்குப் போயாக வேண்டும். "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வழியெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த இடமில்லை. அந்த அக்கா மூச்சுத் திணறிக் கிடப்பதாகவே கண்ணுக்குள் ஓடியது. பயத்தில் லோரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

தோட்டத்து முச்சந்தியில் பஸ் நிறுத்தத்தில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில், டயாலிசிஸ் அறைக் குளிருக்குப் போர்வை வைத்த பை. இரண்டு காலும் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருந்தது. ஐந்தரை மணியிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாராம். போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"வேன் வரலன்னு யாரையாச்சும் கேட்டிருக்கலாமேக்கா?"

"யார கேக்கறது? எம்பேர எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன் மா. வேற யாருக்காச்சும் எடத்தக் குடுத்திருப்பாங்க. மகன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒக்காந்திருந்தேன்."

காரில் ஏற்றிய பிறகு, "புதன்கெழம வேன் வருமா?" என்றார். வரும் என்றேன். சொல்லும்போதே பழைய பதிப்புக்குத் திரும்புவது என்று முடிவு செய்துவிட்டேன். வேன் அண்ணனுக்கு வேறு போன் வரும்வரை செர்வரை அந்த ஆபத்தோடுதான் ஓட்ட வேண்டும்.

"உங்க பேரு இருந்துச்சுக்கா. வேன்காரருக்குத் தெரியாமப் போச்சு. அது நான் பண்ண தப்பு" என்று சொல்லிவிட்டு, செர்வர், பதிப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"பேரு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுக்கா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டே முக்காலுக்கு அவரை மெஷினில் இணைத்தார்கள். நான் பழைய பதிப்பை ஏற்றிவிட்டு வேன் அண்ணனைக் கூப்பிட்டு, பட்டியலைத் திறக்கச் சொன்னேன். திறந்தது. ஏழாவது பெயரைச் சத்தமாகப் படித்தார். பிறகு நான் கேட்காமலே இன்னொரு முறை படித்தார்.