சிரம்பான் கோர்ட்டுக்கு வராத வெள்ளைக்கார அம்மா

எனக்குப் பத்து வயதானபோது, மலேசியாவில் நாங்கள் குடியிருந்த தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. ரப்பர் மரங்களை வெட்டி, தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் இடிக்கப் போவதாகக் கடிதம் வந்தது. எல்லோரும் மூட்டை கட்டினார்கள். அம்மா கட்டவில்லை. அப்பா இறந்த பிறகு, தோட்டத்தின் பழைய முதலாளியான துரை பார்த்துக்கொண்டிருக்க, தானே செங்கல் அடுக்கி வீட்டுக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினி கட்டியவள் அவள். "இத விட்டுட்டு எங்க போறது?" என்றாள். அவளுடையது உடும்புப் பிடி. கம்பெனி வழக்குப் போட்டது.

சிரம்பானுக்குப் பக்கத்து ரஹாங்கிலிருந்து ஒரு லாயரம்மா எங்களுக்காக வந்தார். "நம்ம சட்டமே இங்கிலாந்துலேருந்து வந்ததுதான் லா. அங்க ஒரு ஜட்ஜ் சொன்னத இங்க உள்ள ஜட்ஜும் கேப்பாரு. உங்கள மாதிரியே ஒரு அம்மா கேஸ் இருக்கு. அவங்கதான் நம்மளக் காப்பாத்தணும்," என்றார்.

அன்றிலிருந்து அந்த வெள்ளைக்கார அம்மா என் கனவில் வர ஆரம்பித்தார். விடியற்காலைப் பனியில், நீளப் பாவாடை நனைய, மரங்களுக்கிடையே நடந்து வருவார். குசினியில் உட்கார்ந்து தோசை தின்பார். என்ன பேசினோம் என்று நினைவில்லை. தமிழில்தான் பேசினார் என்பது மட்டும் நிச்சயம்.

வழக்கு நாளில் கோர்ட்டு பெஞ்சில் அவருக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. உயரத்தில் கறுப்பு அங்கியோடு நீதிபதி. அம்மா கோயிலில் போலக் கும்பிட்டாள். லாயரம்மா தடித்த புத்தகத்தைத் திறந்து வாசித்தார். ஆங்கிலம் மழைச் சத்தம்போல் காதில் விழுந்தது. கதவு திறக்கும் போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். போலீஸ்காரர்தான் வந்தார்.

அடுத்த மாதம் தீர்ப்பு. கட்டும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்ட துரை, பிறகு போ என்று சொல்ல முடியாதாம். அது தெரிந்தே வாங்கிய கம்பெனியும் சொல்ல முடியாதாம். வீடு எங்களுக்கு நிலைத்தது. எனக்கு வெளியே ஓடிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவோ லாயரம்மாவிடம், "அந்த அம்மாவும் அவங்க வீட்டுலயே இருந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. அவங்க தோத்துட்டாங்க. சொந்தமா ஒண்ணும் கட்டல. கட்டியிருந்தா போகச் சொல்ல முடியாதுன்னு ஜட்ஜ் ஒரு வரி எழுதி வச்சாரு. அந்த வரிதான் இன்னிக்கு உங்க வீடு."

"அப்புறம் எங்க போனாங்க?"

"புக்குல இல்லக்கா. அது நடந்து நூறு வருஷம் இருக்கும்."

பஸ்ஸில் அம்மா வழியெல்லாம் அழுதாள். ஜெயித்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "நம்ம வீட்டுலதான் எடம் இருக்கே, அவங்களயும் வரச் சொல்லும்மா," என்றேன். என்னை இறுக்கிக்கொண்டு இன்னும் அழுதாள். எங்கோ, எப்போதோ, முகம் தெரியாத ஒருத்தி சட்டி பானையோடு தெருவில் இறங்கியதால்தான் நாங்கள் இறங்காமல் வீடு திரும்புகிறோம் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.